புகையிலைக்கு எத்தனை ருசி? - ஒரு சின்ன வரலாறு



போன கட்டுரை சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி. இந்த முறை கொஞ்சம் காட்டமான விஷயம். புகையிலை.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். எலக்ட்ரானிக் சிகரெட் நம் நாட்டில் 2019லிருந்து தடை. ஆனாலும் கல்லூரி விடுதிகளில் பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஊற்றும் திரவத்தில் மாம்பழம், புதினா வாசனையெல்லாம் 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்றும், நிஜ புகையிலையை ஊறவைத்து இறக்கிய சாறுதான் 'ஒரிஜினல்' என்றும் இதில் தேர்ந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வர்ஜீனியா இனிக்கும், பர்லி கொட்டை மாதிரி இருக்கும், லட்டாக்கியா அடுப்புப் புகை மாதிரி இருக்கும் என்று ஒயின் ருசி பார்ப்பவர்கள் கணக்காய் ஒப்பிடுகிறார்கள். கடைசியில் ஒரு முத்தாய்ப்பு: "இது கெமிக்கல் இல்ல மச்சி, இயற்கை!"

அந்த 'இயற்கை' என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. புகையிலையின் ருசி எங்கிருந்து வருகிறது? அதைத் தேடிப் போனால் நம் ஊர்க் கதையே பெரிய கதையாக இருக்கிறது. யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், திண்டுக்கல், வேதாரண்யம் என்று ஊருக்கு ஒரு ருசி வைத்து, வெள்ளைக்காரன் 'ஃப்ளேவர்' என்று சொல்லிக்கொடுக்கும் முன்பே ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பேரிலேயே புகை

புகையிலை நம் நாட்டுச் செடி இல்லை. மிளகாய், உருளைக்கிழங்கு, மரவள்ளி, நிலக்கடலை மாதிரி இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1492இல் கொலம்பஸ் போய் இறங்கிய பிறகுதான் மற்ற உலகத்துக்கு இது தெரியும். போர்ச்சுகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இந்தியக் கரையில் இறக்கினார்கள். 1600களின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து ஆசாத் பேக் என்ற அதிகாரி அக்பர் அவைக்கு புகையிலையும் குழாயும் கொண்டுபோனதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அக்பர் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார், வைத்தியர் வேண்டாம் என்று தடுத்தார் என்பது அந்தக் கதை.

இங்கே ஒரு சுவாரசியம். வடக்கே போர்ச்சுகீசியச் சொல்லையே 'தம்பாக்கு' என்று வைத்துக்கொண்டார்கள். தெற்கே அப்படி இல்லை. தமிழில் புகையிலை, மலையாளத்தில் புகயில, தெலுங்கில் பொகாகு, கன்னடத்தில் ஹொகெசொப்பு. நான்குமே 'புகை + இலை' தான். வந்த விருந்தாளிக்கு நம் வீட்டுப் பேரையே வைத்துவிட்டோம். பதிலுக்கு ஒரு சொல்லை ஏற்றுமதியும் செய்தோம். ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு'தான் என்று ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன.

புலவர்கள் சும்மா இருப்பார்களா? சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூல் பாடியிருக்கிறார். உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது. அதில் ஒரு கற்பனைக் கதை வருகிறது. மூன்று தேவர்களிடம் மூன்று இலைகளைக் கொடுத்து வைக்கிறார்கள். சிவனிடம் வில்வம், திருமாலிடம் துளசி, பிரமனிடம் இந்த இலை. திரும்பக் கேட்கும்போது மற்ற இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன. பிரமன் மட்டும் 'என்னுடையது போகவில்லை' என்று எடுத்து நீட்டுகிறார். போகாத இலை, 'போகையிலை', அதுவே புகையிலை ஆயிற்றாம்! வில்வத்துக்கும் துளசிக்கும் பக்கத்தில் நேற்று வந்த அமெரிக்கச் செடிக்கு ஆசனம். எவ்வளவு வேகமாக இது நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

வெற்றிலைக்குள் நுழைந்த விருந்தாளி

இது இவ்வளவு சுலபமாக நுழைய முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. வெற்றிலை பாக்கு நமக்கு மிகப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்திலேயே கோவலன் சாப்பிட்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். இலை, பாக்கு, சுண்ணாம்பு என்று மூன்றும் தயாராக இருந்த வாயில் நான்காவதாகப் புகையிலை சேர்ந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோட்டினை இலையிலிருந்து விடுவித்து வாய்த்தோல் வழியாக ரத்தத்தில் சீக்கிரம் ஏற்றும். இந்த வேதியியல் யாருக்கும் தெரியாது. ஆனால் 'கிறுகிறுப்பு' எல்லோருக்கும் தெரிந்தது.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கல்யாணத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் இருக்கும். புகையிலை இருக்காது. 400 வருடம் ஆகியும் அதற்கு மங்கலப் பொருள் அந்தஸ்து கிடைக்கவில்லை. சுருக்குப் பைக்குள் மட்டும்தான் இடம். எங்கள் கள்ளக்குறிச்சி பக்கம் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஏறும் பெரியவர்கள் இடுப்பிலிருந்து அந்தப் பையை அவிழ்ப்பதைப் பார்க்கலாம். மலையில் தேன், கடுக்காய், புளி, சாமை, தினை, பலா, மரவள்ளி எல்லாம் உண்டு. உப்பும் புகையிலையும் மட்டும் கீழே சந்தையில் வாங்க வேண்டியவை.

சந்தையில் புகையிலை வாங்கும் பெரியவர்களைப் பார்த்தால் ஒப்பிடும் கலை என்றால் என்ன என்று தெரியும். இலையைத் தடவிப் பார்ப்பார்கள். மடித்தால் ஒடிகிறதா, வளைகிறதா? மூக்குக்கிட்டே கொண்டுபோவார்கள். ஒரு நுனி கிள்ளி வாயில் போடுவார்கள். 'காரம் பத்தாது', 'காட்டம் ஜாஸ்தி', 'நெடி அடிக்குது', 'தொண்டையக் கமறுது' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு.

மண்ணும் தண்ணீரும்

ஒரே செடியின் இலை ஊருக்கு ஊர் ஏன் வேறு ருசி? முதல் காரணம் தண்ணீர்.

புகையிலை கிணற்றுப் பாசனப் பயிர். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதிலுள்ள குளோரைடு இலையில் சேரும். குளோரைடு அதிகமான இலை சரியாக எரியாது; பற்றவைத்தால் அணைந்து அணைந்து போகும். ஆகவே சுருட்டுக்கு ஆகாது. ஆனால் மெல்லுவதற்கு அதே இலை அருமை! கனமாக, பிசுபிசுப்பாக, ஈரம் காக்கும். காய்ந்த இலைமேல் வெண்மையாக உப்புப் படிந்திருந்தால் மெல்லும் புகையிலையில் அது உயர்ந்த தரம் என்று கூடுதல் விலை. ஒரு ஊரில் குறை, இன்னொரு ஊரில் நிறை.

இரண்டாவது உரமும் கைவேலையும். ஆட்டுக்கிடை மறித்த நிலத்தில் தழைச்சத்து அதிகம். தழைச்சத்து ஏறினால் நிகோட்டின் ஏறும். செடி பூக்கும் முன் தலையைக் கிள்ளி, பக்கத்தில் வரும் கிளைகளை உடைத்து விட்டால் சத்தெல்லாம் இருக்கிற இலைகளுக்கே போய் இலை தடிக்கும், காரம் கூடும்.

மூன்றாவது ரகம். கோவை, திண்டுக்கல் பக்கத்து நாட்டு ரகங்களுக்கு ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கப்பல் என்றெல்லாம் பெயர்கள். மெல்லுவதற்கு மீனம்பாளையம் என்று ஊர்ப் பேரிலேயே ஒரு ரகம். சுதந்திரத்துக்குப் பிறகு ராஜமுந்திரியில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் (1947) வந்தது. அதன் கிளை 1948இல் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வேடசந்தூரில் வந்தது. அங்கே உருவான ரகங்களுக்கு பாக்யலட்சுமி, அபிராமி, மீனாட்சி என்று பெயர் வைத்தார்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் :)

பக்குவம்தான் ருசி

ஆனால் மண், தண்ணீர், ரகம் எல்லாம் பாதிக் கதைதான். பச்சைப் புகையிலை இலையைப் பறித்து முகர்ந்து பாருங்கள். சும்மா ஒரு பச்சிலை வாடைதான். நாம் 'புகையிலை வாசனை' என்று சொல்வது செடியில் இல்லவே இல்லை. அது மனிதன் பக்குவப்படுத்தியதால் வந்தது.

பக்குவம் பல வகை.

வெயில் பக்குவம்: செடியை அடியோடு வெட்டி, வயலில் வாடவிட்டு, பந்தலில் தொங்கவிட்டுக் காயவைப்பது. பிறகு குவியலாக அடுக்கி மூடுவார்கள். குவியலுக்குள் சூடு ஏறும். குறிப்பிட்ட நாளுக்கொரு முறை பிரித்து, மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே என்று மாற்றி அடுக்குவார்கள். வைக்கோல் போர் உள்ளே சூடாவது மாதிரிதான். நுண்ணுயிர்களும் இலையின் நொதிகளும் சேர்ந்து இலையை மாற்றுகின்றன. பச்சை போய், மஞ்சள் போய், கரும்பழுப்பு வருகிறது. திண்டுக்கல் இலையின் நிறமும் மணமும் இப்படி வந்தவை.

புகைப் பக்குவம்: இது யாழ்ப்பாணத்தின் தனித்தன்மை. குடிலுக்குள் இலையை அடுக்கி, கீழே தேங்காய் மட்டை போன்றவற்றை மூட்டிப் புகை போடுவார்கள். அந்தப் புகையின் வாசனை இலையில் ஏறிவிடும்.

பாகுப் பக்குவம்: கருப்பட்டி அல்லது வெல்லப் பாகைத் தெளித்து ஊறவைப்பது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக்குப் போடும் இந்த மாதிரிக் கலவைக்கு 'கோடா' என்று பேர். காரத்தோடு இனிப்பு சேரும். பன்னீர் தெளிப்பது, வாசனைச் சாமான் சேர்ப்பது எல்லாம் வியாபாரிக்கு வியாபாரி மாறும்.

சூட்டறைப் பக்குவம்: மூடிய கொட்டகைக்குள் குழாய் வழியாக வெப்பம் மட்டும் அனுப்பி சில நாட்களில் உலர்த்துவது. ஆந்திராவில் 1920களில் இருந்து வளர்ந்த சிகரெட் புகையிலை இது. சீக்கிரம் உலர்வதால் இலையின் சர்க்கரை அழியாமல் தங்கிவிடும். வர்ஜீனியா இனிப்பதற்கு இதுதான் காரணம். மாறாக, பர்லியை நிழலில் மெதுவாகக் காயவைப்பதால் இலை தன் சர்க்கரையைத் தானே தின்றுவிடுகிறது. ஆகவே இனிப்பில்லாத வறண்ட ருசி.

இதன் வேதியியலும் அழகானது. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பம் புகையிலை இலையிலும் உண்டு. பக்குவத்தில் அவை உடைந்து வாசனைப் பொருட்களாகின்றன. அவற்றில் ஒன்றான டமாஸ்கினோன் ரோஜா மணத்துக்கும் காரணம். புகை போட்ட இலையில் குவாயகோல் போன்ற பீனால்கள் ஏறுகின்றன. சைப்ரஸ், சிரியாப் பக்கத்து லட்டாக்கியாவுக்கும், யாழ்ப்பாணத்துக் குடில் இலைக்கும் இந்த வகையில் உறவு இருக்கிறது. ஒன்று மத்தியதரைக் கடல் விறகு, இன்னொன்று நம்மூர் மட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்!

கடல் தாண்டிய இலை, எல்லை தாண்டிய மூட்டை

ருசிக்கு அடிமையானவர்கள் இருந்தால் வரிபோட ஆளும் இருப்பார்கள். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திலிருந்தே (1658 முதல்) யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். மலையாளச் சந்தைக்குப் போகும் இலைக்கு அங்கே 'மலையாளப் புகையிலை' என்றே பேர். இத்தனைக்கும் விளைவது யாழ்ப்பாணத்தில்! மலையாளிகளின் நாக்கு அந்தக் காரத்துக்குப் பழகியிருந்தது. வேறு இலையைக் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். ருசி ஒரு வியாபாரப் பாதையையே கட்டி இழுத்துப் பிடித்து வைத்திருந்தது.

திருவிதாங்கூர் அரசு புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. கஜானாவுக்குக் கணிசமான வருமானம். 1860களில்தான் அந்த ஏகபோகம் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலபாரிலும் கோயம்புத்தூரிலும் இதே ஏகபோகத்தை நடத்தியது. விளைவிக்கும் கோவை விவசாயி கம்பெனி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் அதே இலை பல மடங்கு விலை. விளைவு? கடத்தல்தான்.

தடையும் புதிதில்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604இலேயே புகையிலையைத் திட்டி ஒரு புத்தகம் போட்டார். ஜஹாங்கீர் 1617இல் தடை விதித்தார். இரண்டு பேர் சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. வரி போட்டவர்கள் ஜெயித்தார்கள், தடை போட்டவர்கள் தோற்றார்கள் என்றுதான் புகையிலை வரலாற்றின் முதல் 300 வருடங்களைச் சுருக்கிச் சொல்ல வேண்டும்.

சுருட்டு சீமைக்குப் போன கதை

திண்டுக்கல் இலை, திருச்சி கைவேலை. இரண்டும் சேர்ந்ததுதான் உலகப் புகழ்பெற்ற 'டிரிச்சினாப்பொலி' சுருட்டு. உறையூரில் குடும்பம் குடும்பமாகச் சுருட்டு சுருட்டினார்கள். மதராஸின் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சர்ச்சில் திருச்சிச் சுருட்டுதான் பிடித்தார் என்று அந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள்; ஊர்ப் பெருமையில் எவ்வளவு கலப்பு என்று தெரியாது, விட்டுவிடுவோம்.

ஆனால் ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயம் அச்சில் இருக்கிறது. 1887இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி பிடித்தது டிரிச்சினாப்பொலி சுருட்டு என்று துப்பறிகிறார். 140 வகைப் புகையிலைச் சாம்பல் பற்றித் தனி ஆய்வு எழுதியதாகவும் பிந்தைய கதைகளில் பீற்றிக்கொள்கிறார். லண்டன் வாசகனுக்குத் திருச்சி என்ற பேர் விளக்கமே தேவையில்லாமல் புரிந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தால் அல்ல, மலைக்கோட்டையால் அல்ல, சுருட்டால்!

இலையிலிருந்து சாறு

இப்போது 21ஆம் நூற்றாண்டு. 2003இல் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் இன்றைய எலக்ட்ரானிக் சிகரெட்டை உருவாக்கினார். எரிக்காமல், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி இழுப்பது. திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனை.

பெரும்பாலான திரவங்களில் 'புகையிலை வாசனை' என்பது ஆய்வகத்தில் கலந்தது. அதில் திருப்தி இல்லாதவர்கள், முக்கியமாக பைப், சுருட்டு பிடித்துப் பழகியவர்கள், நிஜ இலையை ஊறவைக்க ஆரம்பித்தார்கள். பக்குவமான இலையைப் பொடியாக நறுக்கி, புரொப்பிலீன் கிளைக்காலிலோ கிளிசரினிலோ ஆல்கஹாலிலோ சில வாரங்கள் ஊறப்போட்டு, வடிகட்டி, மறுபடி வடிகட்டி எடுப்பது. நம் பாட்டி மூலிகைத் தைலம் இறக்குகிற அதே தத்துவம். இத்தாலியில் இதற்கென்றே சிறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் டோஸ்கானோ சுருட்டுக்கான புகைப் பக்குவ கெண்டக்கி இலை கையருகே கிடைப்பதும் ஒரு காரணம்.

ருசி ஒப்பிடுபவர்கள் சொல்லும் வித்தியாசங்கள் அத்தனையும் மேலே பார்த்த பக்குவங்களின் நேரடி வாரிசுகள். வர்ஜீனியா சாறு வைக்கோல், தேன் மாதிரி. பர்லி வறுத்த கொட்டை மாதிரி. துருக்கி இலை புளிப்பும் மசாலாவும். லட்டாக்கியா கரி அடுப்பு. அமெரிக்காவின் லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரீக், பழம் அழுகத் தொடங்கும் வாசனை. சாறு இறக்கும்போது எளிதில் கரையும் வாசனைகள் வந்துவிடும். எரியும்போது மட்டும் பிறக்கும் வாசனைகள் வராது. ஆகவே சுருட்டின் ருசி அப்படியே கிடைக்காது. சுருட்டுப் பெட்டியைத் திறந்து முகர்ந்த ருசி கிடைக்கும் என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இந்தச் சாற்றில் இலையின் மெழுகும் சர்க்கரையும் கொஞ்சம் தங்கிவிடும். கருவியின் சூட்டுக் கம்பியில் அது கருகிப் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கம்பியில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றிவிடுகிறார்கள். மாற்ற முடியாத இடத்துக்கு என்ன போகிறது? அங்கேதான் பிரச்சினை.

நாக்குக்குத் தெரியாதது

'இயற்கை' என்ற சொல்லை இப்போது எடுத்துப் பாருங்கள். இலையில் இயற்கையாக இருந்தது பச்சிலை வாடை. நாம் கொண்டாடும் ருசி அத்தனையும் குவியல் போட்டு, புகை போட்டு, பாகு போட்டு மனிதன் செய்தது. அதே பக்குவம் ருசியை மட்டும் உண்டாக்குவதில்லை. குவியலுக்குள் இலையிலுள்ள நைட்ரேட்டை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிகோட்டின் குடும்பத்தோடு சேர்ந்து, புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டும் மனிதனுக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு ருசி கிடையாது. மணம் கிடையாது. சந்தையில் நுனி கிள்ளி வாயில் போட்டு 'காரம் பத்தாது' என்று சொன்ன அந்த அனுபவசாலி நாக்கால் கூட அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்வீடன்காரர்கள் தங்கள் 'ஸ்னூஸ்' புகையிலையைப் புளிக்கவைக்காமல் நீராவியில் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பாக்டீரியா செத்துவிடுவதால் நைட்ரோசமைன் வெகுவாகக் குறைகிறது. அதாவது ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பக்குவம்தான், 'இயற்கை' அல்ல. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நாக்கு போதாது, ஆய்வகம் வேண்டும்.

நம் நாட்டில் இதன் விலை என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அறிஞர் அண்ணாவின் வெற்றிலை, புகையிலை, பொடிப் பழக்கம் ஊரறிந்தது. உணவுக்குழல் புற்றுநோய்க்காக 1968இல் நியூயார்க் வரை போய் சிகிச்சை பெற்றார். 1969 பிப்ரவரி 3 அன்று, முதலமைச்சராகி இரண்டு வருடம்கூட முடியாத நிலையில், 59 வயதில் போய்விட்டார். அவ்வளவு கூட்டம் கூடிய இறுதி ஊர்வலத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். ஏன் அவ்வளவு சீக்கிரம் நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை உபயோகிப்பவர்கள். தமிழ்நாட்டில் 20 சதவீதம். ஐந்து பேரில் ஒருவர். உங்கள் பஸ்ஸில் ஒரு வரிசை சீட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சிக்காரனாக இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கலந்திருந்தது மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பான். வருடக்கணக்காகக் குடித்துப் பழகிய நாக்குகள்தான் அவை. அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மெத்தனாலும் வழக்கமான சாராயமும் நாக்குக்குக் கிட்டத்தட்ட ஒன்று. கண்ணுக்கும் ஈரலுக்கும் உயிருக்கும் ஒன்று அல்ல.

இதையே அமெரிக்காவில் 2019இல் வேறு வடிவில் பார்த்தார்கள். கள்ளச் சந்தைக் கஞ்சா ஆவித் திரவத்தைக் கெட்டியாகக் காட்ட வைட்டமின் ஈ அசிடேட் கலந்தார்கள். தோலில் தடவலாம், மாத்திரையாக விழுங்கலாம். நுரையீரலுக்குள் போனபோது 2,800க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். 'சாப்பிடக்கூடியதுதானே' என்பது 'சுவாசிக்கக்கூடியது' ஆகாது.

சட்டமும் நாமும்

எலக்ட்ரானிக் சிகரெட்டை தமிழ்நாடு 2018இலேயே தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே வருடம் டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 வரை அபராதம் அல்லது இரண்டும்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, மறைக்க வேண்டாம். எரிகிற சிகரெட்டும் பீடியும் பெட்டிக்கடையில் தாராளம். ஆவி மட்டும் தடை. பீடி, சிகரெட் பின்னால் லட்சக்கணக்கான விவசாயிகள், பீடி சுற்றும் பெண்கள், பெரிய வரி வருமானம். ஆவிக்குப் பின்னால் நம் நாட்டில் யாரும் இல்லை. ஜஹாங்கீர் வழியையும் திருவிதாங்கூர் வழியையும் ஒரே நேரத்தில் நடத்துகிறோம் என்று சொல்லலாம். எரிவதைவிட ஆவியில் நச்சு குறைவு என்று சொல்பவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் 45 வயதுக்காரருக்கு அது ஒரு விவாதம். ஆனால் இதுவரை ஒரு சிகரெட்டும் தொடாத 19 வயது நண்பனுக்கு அந்த விவாதமே பொருந்தாது. அவனுக்கு ஒப்பிட எதிர்ப்பக்கம் இருப்பது சுத்தமான காற்று.

அதிலும், இங்கே கைமாறும் குப்பி தடைசெய்யப்பட்ட பொருள். யார் இறக்கியது, எந்த இலை, எந்தக் கரைப்பான், எத்தனை மில்லிகிராம் நிகோட்டின் என்று கேட்க ஆளில்லை. லேபிளில் 'இயற்கைச் சாறு' என்று அச்சடிக்க ஒரு பிரிண்டர் போதும். கருணாபுரத்துப் பாக்கெட்டில் லேபிளே இல்லை; இதில் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

புகையிலையின் ருசிக்கு ஒரு வரலாறு உண்டு. அது உழைப்பின் வரலாறு. உவர் கிணற்றில் நீர் இறைத்தவர்களும், குடிலில் புகைக்கு நடுவே கண் எரிய நின்றவர்களும், உறையூரில் விரல் தேயச் சுருட்டியவர்களும் செய்தது. அந்தத் திறமையைப் படிக்கலாம், வியக்கலாம். வியந்து முடித்ததும் அடுத்த வேலை இருக்கிறது: கையில் இருப்பது என்ன என்று கேட்பது. நாக்கைக் கேட்டால் ருசியைச் சொல்லும். மற்றதைச் சொல்லாது.

பி.கு.: யாராவது விட நினைத்தால், அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. அப்பா, சித்தப்பா, தாத்தா யாருக்காவது தேவைப்படலாம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இவ்வளவு காட்டம் இல்லாமல், மரவள்ளிக் கிழங்கு நம் மலைக்கு வந்த கதையைப் பார்ப்போம் :)